தோட்டத்து விருந்தில் கைத்தட்டியவர்கள்: ‘தி பூண்டாக்ஸ்’ பார்க்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெள்ளைக்காரப் பணக்காரர்களின் தோட்டத்து விருந்து. பத்து வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்று மூன்று விஷயங்களை அறிவிக்கிறான். இயேசு கறுப்பர், முன்னாள் அதிபர் ரொனால்ட் ரீகன் ஒரு சாத்தான், செப்டம்பர் 11 தாக்குதல் பற்றி அரசாங்கம் பொய் சொல்கிறது. அவ்வளவுதான், விருந்தே கலவரமாகிறது. ஆனால் அது கனவு. தாத்தா பளாரென்று ஓர் அறை கொடுத்து எழுப்புகிறார். வெள்ளைக்காரர்களிடம் உண்மையைச் சொல்வதாகக் கனவுகூடக் காணக் கூடாது என்பது அவர் கட்சி.

அதே எபிசோடில் அப்புறம் நிஜமான விருந்து ஒன்று வருகிறது. பையன் தன் மனதில் இருப்பதை அங்கேயும் சொல்லிப் பார்க்கிறான். இந்தமுறை யாருக்கும் கோபம் வருவதில்லை. கைத்தட்டுகிறார்கள். என்ன அழகாக, என்ன தெளிவாகப் பேசுகிறான் இந்தப் பிள்ளை என்று பூரித்துப் போகிறார்கள். அவன் என்ன சொன்னான் என்பது ஒருவர் காதிலும் ஏறவில்லை.

‘தி பூண்டாக்ஸ்’ தொடரின் முதல் எபிசோட் இது. 2005 நவம்பர் 6 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பானது. நான் முதல்முறை பார்த்தபோது கனவுக் காட்சிக்குச் சிரித்தேன், கைத்தட்டும் காட்சியைச் சாதாரணமாகக் கடந்துபோனேன். சிரிக்க வேண்டிய இடம் இரண்டாவதுதான் என்று புரிவதற்கு நாலைந்து எபிசோட் ஆனது. அந்தத் தாமதம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: எதற்குள் நுழைகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கார்ட்டூன் என்றதும் குழந்தைகளோடு உட்கார்ந்துவிடாதீர்கள். கார்ட்டூன் நெட்வொர்க் சேனலின் இரவு நேரப் பகுதியான அடல்ட் ஸ்விம்மில் பெரியவர்களுக்காக வந்த தொடர் இது. கெட்ட வார்த்தை, வன்முறை, பாலியல் பேச்சு எல்லாம் உண்டு. நான்கு சீசன்கள், மொத்தம் 55 எபிசோடுகள், ஒவ்வொன்றும் சுமார் இருபது நிமிடம்.

உருவாக்கியவர் ஆரன் மெக்ரூடர். 1996-ல் மேரிலாண்ட் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது கல்லூரி நாளிதழில் இதைச் சித்திரத் தொடராக வரைந்தார். 1999-ல் அது நாடு முழுக்கப் பத்திரிகைகளுக்குப் போனது. நாளிதழில் காலைக் காப்பியோடு படிக்கும் மூன்று நான்கு கட்டங்களில் அவர் அரசையும், ஊடகத்தையும், தன் இனத்துப் பிரபலங்களையும் ஒருசேரக் கிண்டலடித்தார். சில பத்திரிகைகள் அவ்வப்போது அதைத் தூக்கிவிட்டு வேறெதையாவது போட்டன. தொலைக்காட்சிக்கு வந்தபோது கோடுகள் ஜப்பானிய அனிமே பாணிக்கு மாறின. அதனால்தான் சண்டைக் காட்சிகள் அவ்வளவு நேர்த்தி.

தலைப்புக்கு ஒரு கதை உண்டு. ‘பூண்டாக்ஸ்’ என்றால் ஆங்கிலத்தில் பட்டிக்காடு, அத்துவானக் காடு. சொல்லின் வேர் பிலிப்பைன்ஸின் தகலோக் மொழியில் இருக்கிறது. அங்கே ‘புந்தோக்’ என்றால் மலை. அந்த நாட்டைப் பிடிக்கப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் சொல்லையும் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டார்கள். தொடரில் அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது தெரியுமா? புல்வெளி கத்தரித்த, பணம் கொழிக்கும் ஒரு புறநகரை. சிகாகோவில் கறுப்பர்கள் நிறைந்த சவுத் சைடிலிருந்து வரும் ஒரு சிறுவனுக்கு அதுதான் அத்துவானக் காடு.

சப்டைட்டிலைப் போட்டே பாருங்கள். பேச்சின் வேகத்துக்கும் கொச்சைக்கும் பழகக் கொஞ்ச நாள் ஆகும்.

படி 2: அந்த வீட்டின் விலையைப் புரிந்துகொள்ளுங்கள்

தொடரின் அடிப்படைக் கதை ஒரு வரிதான். ராபர்ட் ஃப்ரீமன் என்ற தாத்தா, பேரன்களுக்கென்று இருந்த பணத்தைப் போட்டு உட்கிரெஸ்ட் என்ற வெள்ளையர் புறநகரில் வீடு வாங்கி, ஹியூயி, ரைலி என்ற இரண்டு பேரன்களோடு குடியேறுகிறார். இதில் நையாண்டி எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். ‘வீடு வாங்கினார்’ என்பதில்தான் இருக்கிறது. இந்தப் படியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

1930-களில் அமெரிக்க அரசு வீட்டுக் கடன்களைக் காப்பாற்ற அமைப்புகளை உருவாக்கியது. நகரங்களின் வரைபடத்தை எடுத்து, எந்தப் பகுதி பத்திரமானது, எது ஆபத்தானது என்று நிறம் தீட்டினார்கள். கறுப்பர்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பு. சிவப்புப் பகுதியில் இருப்பவருக்குக் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. ‘ரெட்லைனிங்’ என்ற சொல் இந்தச் சிவப்பிலிருந்து வந்ததுதான். சரி, பணம் சேர்த்து வெள்ளையர் பகுதிக்குப் போய்விடலாம் என்றால், அங்கே வீட்டுப் பத்திரத்திலேயே ‘கறுப்பருக்கு விற்கக் கூடாது’ என்று எழுதி வைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1948-ல்.

சிகாகோ இந்தக் கதையின் நடுவில் இருக்கிறது. 1966-ல் மார்ட்டின் லூதர் கிங் வீட்டு உரிமைக்காக அந்த நகரத்துக்கு வந்தார். ஆகஸ்ட் 5 அன்று மார்கெட் பார்க் என்ற வெள்ளையர் பகுதியில் ஊர்வலம் போனபோது அவர் தலையில் கல் விழுந்தது. மிசிசிப்பியிலும் அலபாமாவிலும்கூட இப்படி வெறுப்பு நிறைந்த கூட்டத்தைப் பார்த்ததில்லை என்ற பொருளில் அவர் அன்று பேசினார். 1968 ஏப்ரல் 4-ல் அவர் கொல்லப்பட்டார். குடியிருப்பில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் கையெழுத்தானது அதற்கு ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 11-ல்.

இன்னொரு வியாபாரமும் அந்நாளில் நடந்தது. ஒரு தெருவில் முதல் கறுப்புக் குடும்பம் வந்ததும், வீட்டுத் தரகர்கள் வெள்ளையரிடம் போய் ‘இனி விலை இறங்கிவிடும், இப்போதே விற்றுவிடுங்கள்’ என்று பயமுறுத்துவார்கள். அடிமாட்டு விலைக்கு வாங்கி, அதே வீட்டைக் கறுப்பருக்கு அதிக விலைக்கு விற்பார்கள். இனவெறி மனதில் மட்டும் இருப்பதில்லை, அதற்குக் கணக்குப் புத்தகமும் உண்டு. இதை நினைவில் வையுங்கள், நான்காம் படியில் தேவைப்படும்.

இவ்வளவையும் பார்த்த தலைமுறைதான் ராபர்ட் தாத்தா. அவர் புல்வெளியில் சாய்வு நாற்காலி போட்டு உட்காரும்போது அது வெறும் சொகுசு இல்லை. பேரன் வாயைத் திறந்து உண்மை பேசினால் அவருக்கு ஏன் அடிவயிறு கலங்குகிறது என்பதும் இப்போது விளங்கும்.

படி 3: பெயர்களைப் படியுங்கள்

நாவல் பாத்திரங்களைப் போல இவர்களை அணுகினால் ஏமாற்றமாக இருக்கும். ஒவ்வொருவரும் ஒரு நிலைப்பாட்டின் கேலிச்சித்திரம். பெயரிலேயே பாதி சொல்லிவிடுகிறார்கள்.

ஹியூயி என்பது 1966-ல் கறுஞ்சிறுத்தைகள் கட்சியை நிறுவியவர்களில் ஒருவரான ஹியூயி நியூட்டனின் பெயர். பையன் பத்து வயதில் புரட்சிக்காரன், சிரிப்பதே இல்லை. தம்பி ரைலிக்கு எட்டு வயது. தொலைக்காட்சியும் ராப் பாட்டும் காட்டும் ‘கேங்ஸ்டர்’ வாழ்க்கைதான் அவனுக்கு வேதம். பக்கத்து வீட்டு டாம் டுபோய்ஸ் அரசு வழக்கறிஞர். வெள்ளையரிடம் பணிந்துபோகும் கறுப்பரை இகழும் ‘அங்கிள் டாம்’ என்ற வசையும், கறுப்பர் தன்னைத் தன் கண்ணாலும் வெள்ளையர் கண்ணாலும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது என்று 1903-ல் எழுதிய அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபோய்ஸும் அவர் பெயரில் கைகோத்துக்கொள்கிறார்கள். டாமின் மனைவி சாரா வெள்ளையர். இப்படிப்பட்ட திருமணத்தைத் தடுத்த மாநிலச் சட்டங்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 1967-ல்தான். மகள் ஜாஸ்மின் இரண்டு பக்கமும் சேராமல் நிற்கிறாள்.

எட் வன்க்லர், ஊரின் பெரிய பணக்காரர். வர்க்கம் என்றால் இந்தத் தொடரில் அவர்தான். இனத்தைப் பற்றி அவருக்கு வெறுப்போ விருப்போ கிடையாது, லாபம் உண்டா என்பது ஒன்றே கேள்வி. வெறுக்கிறவனைவிட இவரைத்தான் தொடர் ஆபத்தானவராகக் காட்டுகிறது என்பது என் எண்ணம்.

இனி அங்கிள் ரக்கஸ். புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். ஊரிலேயே மிகக் கறுத்த மனிதர், ஊரிலேயே மிக மோசமான கறுப்பர் வெறுப்பாளர். தான் பிறப்பால் வெள்ளையர் என்றும், மைக்கேல் ஜாக்சனுக்கு வந்த தோல் நோயின் நேர்மாறு தனக்கு வந்ததால் கறுத்துவிட்டதாகவும் சாதிக்கிறார். ஒரு எபிசோடில் மரபணுச் சோதனை எடுத்துப் பார்க்கிறார், முடிவு ‘102 சதவீதம் ஆப்பிரிக்கர், இரண்டு சதவீதம் பிழைக்கு இடமுண்டு’ என்று வருகிறது. அவர் பேச்சில் ஒவ்வொரு வாக்கியமும் காது கூசும். ஆனால் அவர் என்ன வேலை செய்கிறார் என்று கவனியுங்கள். ஒரு எபிசோடில் கார் நிறுத்துபவர், இன்னொன்றில் துப்புரவாளர், பிறிதொன்றில் காவலாளி. ஊரிலுள்ள கீழ்மட்ட வேலை முழுவதும் அவர் ஒருவர் தலையில். வெள்ளையரைக் கும்பிட்டு அவருக்குக் கிடைத்தது அதுதான். வசனத்தில் அதை யாரும் விளக்க மாட்டார்கள், சீருடை மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்.

படி 4: எந்த வரிசையில் பார்ப்பது

முதல் எபிசோடைப் பார்த்தாயிற்று என்று வைத்துக்கொள்கிறேன். அடுத்து வரிசையாகப் போகாமல் முதல் சீசனின் பத்தாவது எபிசோடுக்குப் போங்கள். பெயர் ‘தி ஐட்டிஸ்’. வயிறு முட்டத் தின்றபின் வரும் தூக்கக் கிறக்கத்துக்குக் கறுப்பர் பேச்சு வழக்கில் இருக்கும் சொல் அது. ராபர்ட் தாத்தா தன் இனத்தின் பாரம்பரியச் சமையலை, எண்ணெயும் கொழுப்பும் சொட்டச் சொட்ட, ஓர் உணவகமாகத் திறக்கிறார். பணம் போடுவது வன்க்லர். இடம் ஓர் அழகான பூங்காவுக்கு எதிரில். தின்றவர்கள் எழுந்திருக்க முடியாமல் அங்கேயே படுக்கிறார்கள், அக்கம்பக்கம் நாறுகிறது, நிலத்தின் விலை சரிகிறது. வன்க்லருக்கு வேண்டியது உணவகமே இல்லை, அந்தப் பூங்கா நிலம். இரண்டாம் படியில் சொன்ன தரகர் வியாபாரம் ஞாபகம் வருகிறதா? இந்த எபிசோடைச் சிலர் கறுப்பர் உணவைக் கேவலப்படுத்துவதாகப் பார்க்கிறார்கள். அந்தக் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. உணவுக் கிண்டல்தான் நேரத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் கடைசி இரண்டு நிமிடம் எல்லாவற்றையும் திருப்பிப் போடுகிறது.

மூன்றாவதாக ‘ரிட்டர்ன் ஆஃப் தி கிங்’. முதல் சீசனின் ஒன்பதாவது எபிசோட், 2006 ஜனவரி 15 அன்று ஒளிபரப்பானது. அது கிங்கின் பிறந்தநாள். ஒரே ஓர் எபிசோடுதான் பார்ப்பேன் என்று அடம்பிடிப்பவருக்கு இதைத்தான் கொடுப்பேன்.

1968-ல் கிங் சாகவில்லை, நினைவிழந்து கிடந்து 2000-ல் கண்விழிக்கிறார் என்பது கற்பனை. முதலில் நாடே கொண்டாடுகிறது. செப்டம்பர் 11-க்குப் பிறகு, எதிரியையும் நேசியுங்கள், மறு கன்னத்தைக் காட்டுங்கள் என்று அவர் தொலைக்காட்சியில் சொல்கிறார். வாழ்நாள் முழுக்கச் சொன்ன அதே வார்த்தை. ஒரே இரவில் தேசத் துரோகி ஆகிவிடுகிறார். விடுமுறை நாளாகவும் தபால் தலையாகவும் இருக்கும் கிங்கை எல்லோருக்கும் பிடிக்கும், பேசுகிற கிங்கைத்தான் தாங்க முடியாது. தோட்டத்து விருந்தின் கைத்தட்டலைத் திருப்பிப் பிடித்த கண்ணாடி இது. கடைசியில் தன் சொந்த மக்களிடம் அவர் வெடித்துப் பேசும் காட்சி ஒன்று வரும். அதில் கறுப்பரைக் குறிக்கும் ஓர் இழிசொல்லை (ஐந்தாம் படியில் வரும்) அவர் வாயில் வைத்ததற்காக, கறுப்பினத் தலைவர்களில் ஒருவரான அல் ஷார்ப்டன் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அதே எபிசோடுக்கு, ஒளிபரப்புத் துறையில் பெரிதாக மதிக்கப்படும் பீபடி விருதும் கிடைத்தது. இரண்டுமே நடந்தன என்பதை மறக்காமல் பாருங்கள்.

நகைச்சுவைக்காக ஒரு விஷயம்: அந்த எபிசோடில் ராபர்ட் தாத்தா, 1955-ல் பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழுந்திருக்க ரோசா பார்க்ஸ் மறுத்தபோது பக்கத்திலேயே தானும் உட்கார்ந்திருந்ததாகவும், பெயரெல்லாம் அந்தம்மாவுக்கே போய்விட்டதாகவும் பொருமுவார். போராட்டத்திலும் வயிற்றெரிச்சல் உண்டு என்று இவ்வளவு துணிவாகச் சொன்னதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பிறகு அதே சீசனின் கடைசி எபிசோட். அதில் ரக்கஸ் வெள்ளையருக்கு மட்டுமான சொர்க்கத்தைக் கனவில் கண்டு மதபோதகராகிறார். அதற்கடுத்து மூன்றாவது சீசனின் முதல் எபிசோட், 2010-ல் வந்தது. ஒபாமா அதிபரானபோது ஊர் எப்படி ஆடியது என்பதை ஓர் ஆவணப்படம் போலக் காட்டுகிறார்கள். கேள்வி கேட்பவர் ஜெர்மானிய இயக்குநர் வெர்னர் ஹெர்ட்சாக், அவரே குரலும் கொடுத்திருக்கிறார். ஹியூயி மட்டும் துள்ளிக் குதிக்க மறுக்கிறான், அதற்காக எல்லோரும் அவன்மேல் பாய்கிறார்கள்.

இரண்டாவது சீசனில் இரண்டு எபிசோடுகள் கறுப்பர்களுக்கான சேனல் ஒன்றைக் குதறி எடுத்தன. அவை அப்போது அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகவில்லை, டிவிடியில்தான் வந்தன. ரக்கஸின் மரபணுச் சோதனை வருவது அவற்றில் ஒன்றில்தான்.

நான்காவது சீசனை விட்டுவிடலாம். 2014-ல் வந்த அந்தப் பத்து எபிசோடுகளில் மெக்ரூடர் இல்லை. முகம் அதே முகம், நாக்கு வேறு.

படி 5: அந்த ஒரு சொல்

கறுப்பரை இழிவுபடுத்தும் அந்தச் சொல்லை அமெரிக்கர்கள் முழுதாக எழுதவும் தயங்கி ‘என்-வேர்ட்’ என்று முதலெழுத்தால் குறிப்பிடுகிறார்கள். இந்தத் தொடரில் நிமிடத்துக்கொரு முறை காதில் விழும். அடிமை முறைக் காலத்தில் எசமானர்கள் வீசிய சொல் அது. பிற்காலத்தில் கறுப்பர்கள் தங்களுக்குள் அதை எடுத்துப் புழங்கத் தொடங்கினார்கள், நண்பனை ‘டேய்’ என்பது போலவும், சலிப்பாகவும், கோபமாகவும். அப்படிப் புழங்கலாமா கூடாதா என்று அவர்களுக்குள்ளேயே இன்றுவரை சண்டை ஓயவில்லை. தாத்தா சொல்லும்போதும், ரைலி சொல்லும்போதும், ரக்கஸ் சொல்லும்போதும் அது மூன்று வெவ்வேறு சொற்கள். தொனியைக் கவனித்தால் போதும்.

புதியவருக்கு விதி ஒன்றுதான்: கேளுங்கள், திருப்பிச் சொல்லாதீர்கள். வசனம் பிடித்துப்போய் நண்பர்கள் மத்தியில் மிமிக்ரி செய்து காட்டும் ஆசை வரும். தொடரில் அதைச் சொல்பவருக்கு இருக்கும் உரிமையும் காயமும் சப்டைட்டிலோடு சேர்ந்து நம் கைக்கு வருவதில்லை.

படி 6: சிரித்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஆனால் நான் செய்து பார்த்து உருப்படியாகத் தேறிய வழி இது ஒன்றுதான். முதல்முறை பார்க்கும்போது, வாய்விட்டுச் சிரித்த இடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். ‘ரக்கஸ் பாட்டு’, ‘தாத்தா பெல்ட்டை உருவினார்’ என்று இரண்டு மூன்று வார்த்தை போதும். இரண்டு நாள் கழித்து அதே எபிசோடை மறுபடி போட்டு, அந்தந்த இடத்தில் நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் காட்சியில் யார் தோற்றார்?

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? 1971-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ஆல் இன் தி ஃபேமிலி’ என்ற நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. கார்ட்டூன் அல்ல, நடிகர்கள் நடித்தது. அதில் ஆர்ச்சி பங்கர் என்ற தொழிலாளி வாயைத் திறந்தால் கறுப்பர், யூதர், பெண்கள் என்று எல்லோரையும் மட்டம் தட்டுவார். அவருடைய மடமையைப் பார்த்து நாடு சிரித்துத் திருந்தும் என்பது எடுத்தவர்களின் எண்ணம். நீல் விட்மார், மில்டன் ரோக்கீச் என்ற இரு ஆய்வாளர்கள் பார்வையாளர்களிடம் கேட்டு 1974-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாரபட்சம் குறைந்தவர்கள் ஆர்ச்சியைக் கேலிப்பொருளாகப் பார்த்தார்கள். பாரபட்சம் மிகுந்தவர்களுக்கோ ஆர்ச்சிதான் நாயகன், வாதத்தில் ஜெயிப்பவரும் அவரே. ஒரே காட்சி, ஒரே சிரிப்பொலி, இரண்டு படங்கள்.

இன்னொன்று பிற்காலத்தில் நடந்தது. கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் டேவ் சாப்பல், இன முத்திரைகளைக் கிண்டலடிக்கும் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக ஒரு துணுக்கைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் கறுப்பு மை பூசிய குட்டிச்சாத்தான் வேடம். அங்கே ஒரு வெள்ளையர் சிரித்த விதம் அவருக்கு உறுத்தியது. ‘என்னோடு சிரிக்கிறானா, என்னைப் பார்த்துச் சிரிக்கிறானா’ என்ற அந்தச் சந்தேகம் 2005-ல் நிகழ்ச்சியையும் பெரும் தொகை ஒப்பந்தத்தையும் விட்டு அவர் கிளம்பிப் போனதற்கு ஒரு முக்கியக் காரணம்.

கார்ட்டூனில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். கோட்டுருவத்துக்கு வலிக்காது என்று நம் கண் நம்புகிறது. தடித்த உதடு, உருண்ட கண் என்று கறுப்பரை வரைந்து சிரித்த நீண்ட பழக்கம் அமெரிக்கக் கார்ட்டூனுக்கு உண்டு. வெள்ளையர் முகத்தில் கரி பூசி ஆடிய ‘மின்ஸ்ட்ரல்’ மேடைக் கூத்திலிருந்து அது வந்தது. அப்படிப்பட்ட பழைய வார்னர் படங்களில் பதினொன்றை மட்டும் 1968-ல் தொலைக்காட்சி விநியோகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ரக்கஸின் முகத்தை மறுபடி பாருங்கள். அந்தப் பழைய கோடுகளை மெக்ரூடர் தெரிந்தேதான் எடுத்திருக்கிறார். அது துணிச்சலா, கத்திமேல் நடையா என்று எனக்கு ஒவ்வொருமுறையும் ஒவ்வொரு விதமாகத் தோன்றும்.

என் தாளில் முதல்முறை இருந்த பத்துச் சிரிப்பில் ஆறு, ரக்கஸ் திட்டியதற்கு. இரண்டாம்முறை அவற்றில் இரண்டு தேறின.

படி 7: பக்கத்து வீடுகளுக்கும் போய் வாருங்கள்

ஒரே தொடரோடு நின்றால் ஒப்பிட ஆளில்லாமல் போய்விடும். மூன்று இடங்களை மட்டும் சொல்கிறேன்.

‘கிங் ஆஃப் தி ஹில்’, 1997-ல் தொடங்கியது. டெக்சாஸில் ஆர்லன் என்ற ஊர். லாவோஸ் நாட்டிலிருந்து வந்த கான் குடும்பம் பக்கத்து வீட்டுக்குக் குடிவருகிறது. வேலிப் பக்கம் நின்று கேட்கிறார்கள்: நீங்கள் சீனரா, ஜப்பானியரா? அவர் லாவோஸ் எங்கே இருக்கிறது, எத்தனை மக்கள்தொகை என்று பொறுமையாக விளக்குகிறார். எல்லாம் கேட்டுவிட்டு, சரி, அப்படியானால் சீனரா ஜப்பானியரா என்று மறுபடி கேட்கிறார்கள். அழகு என்னவென்றால், அவரைப் பார்த்த மாத்திரத்தில் லாவோஸ்காரர் என்று கண்டுபிடிப்பவர், அந்த ஊரின் வடிகட்டின வெறுப்பாளரான கிழட்டுப் போர்வீரர் காட்டன். நல்லவர்களின் அசட்டையும் கெட்டவரின் துல்லியமும் ஒரே காட்சியில். பூண்டாக்ஸ் உரக்கச் சொல்வதை இது வேலியோரத்தில் நின்று மெதுவாகச் சொல்கிறது.

‘சவுத் பார்க்’ தொடரில் 2000 ஜூலையில் வந்த ஓர் எபிசோட். ஊர்க்கொடியில் வெள்ளை உருவங்கள் கறுப்பு உருவம் ஒன்றைத் தூக்கிலிடும் படம். கொடியை மாற்ற வேண்டும் என்று ஊரின் கறுப்பினச் சமையல்காரர் போராடுகிறார். தென் கரோலினா சட்டமன்றக் குவிமாடத்திலிருந்து, அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காகப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் கொடியை இறக்கியது அதே ஜூலை 1-ல். கடைசியில் எல்லா நிறத்தாரும் சேர்ந்து தூக்கிலிடுவதாகக் கொடியை மாற்றிவிடுகிறார்கள். கெட்டிக்காரத்தனமான முடிவு. எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு தரப்பையும் ஒரே தட்டில் வைத்துவிட்டு நழுவுகிற கெட்டிக்காரத்தனம் அது. உங்களுக்கு வேறு மாதிரி படலாம், பார்த்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

மூன்றாவது ‘தி சிம்ப்சன்ஸ்’, அதில் வரும் இந்தியக் கடைக்காரர் அப்பு. 1990 முதல் அவருக்குக் குரல் கொடுத்தவர் ஹாங்க் அசாரியா என்ற வெள்ளையர். அந்த உச்சரிப்பை வைத்துப் பள்ளியில் இந்தியப் பிள்ளைகளைக் கிண்டலடித்தார்கள் என்பதை முன்வைத்து ஹரி கொண்டபோலு என்ற இந்திய அமெரிக்கக் கலைஞர் 2017-ல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். 2020 ஜனவரியில் அசாரியா இனி அந்தக் குரல் கொடுப்பதில்லை என்று அறிவித்தார். அந்த ஆண்டு ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பர் போலீஸ் கையில் கொல்லப்பட்ட பிறகு, வெள்ளையரல்லாத பாத்திரங்களுக்கு இனி வெள்ளையர் குரல் கிடையாது என்று தொடரே சொன்னது. பூண்டாக்ஸ் இந்த ஆட்டத்தை எப்போதோ திருப்பி ஆடிவிட்டது. வன்க்லரின் பேரனும் அவன் கூட்டாளியும் ஈராக் போரிலிருந்து திரும்பிய வெள்ளைக்கார முரடர்கள். குரல் கொடுத்தவர்கள் சார்லி மர்ஃபியும் சாமுவேல் எல். ஜாக்சனும், இருவரும் கறுப்பர்கள். ஹியூயி, ரைலி இருவருக்கும் குரல் கொடுத்தவர் ஒரே பெண், ரெஜினா கிங். அண்ணன் தம்பி சண்டையெல்லாம் அவர் ஒருவரே போட்டது.

படி 8: துண்டாக வெட்டிப் பகிராதீர்கள்

இத்தனையும் பார்த்தபின், பிடித்த இடத்தை முப்பது விநாடித் துண்டாக யாருக்காவது அனுப்பத் தோன்றும். ரக்கஸ் பேசுவது அப்படி வெட்டுவதற்கென்றே செய்ததுபோல இருக்கும். நான் ஒருமுறை அனுப்பினேன். பெற்றவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ‘ஆள் சரியாகத்தானே சொல்கிறார்’ என்று பதில் போட்டார். சீருடை மாறிக்கொண்டே இருப்பதை முப்பது விநாடியில் எப்படிக் காட்டுவது? முழு எபிசோடையும் அனுப்பினேன். அவர் இன்னும் பார்க்கவில்லை.

அதனால் யாருக்காவது அறிமுகப்படுத்துவதென்றால் முதல் எபிசோடை முழுதாக, பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டுங்கள். விருந்துக் காட்சி வரும்போது திரையைப் பார்க்காதீர்கள், உங்கள் நண்பரைப் பாருங்கள்.